தெவிட்டும் உறிஞ்சியும் தெவிட்டாத கட்டுரைகளும்

"புதிய பொருளை வைத்து ஃபைபர் லேசரில் துடிப்பு உண்டாக்கினோம்" என்று அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் ஆய்வுக் கட்டுரை எழுதக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், முதல் ஆளாக எழுந்து கைதட்டுவேன். அறிவியலுக்கு எதிரி என்று என்னைத் திட்ட நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

திடீரென்று லேசர் எதற்கு என்று கேட்பீர்கள். புனேயில் நம்மாட்கள் நாலு குடும்பம் கூடினால், வீட்டு வாடகையில் ஆரம்பிக்கிற பேச்சு பிள்ளைகள் படிப்பில் வந்துதான் நிற்கும். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த பிள்ளைக்கு பி.எச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, "ஃபைபர் லேசர், டூ-டி மெட்டீரியல்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள், நல்ல துறைதானே என்று கேட்கிறார்கள். சாகன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் லேசர் மார்க்கிங் மெஷின் நிறுவிக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. துறை தங்கம், தலைப்பு பித்தளை என்று சொன்னால் முகம் சுண்டிப் போகிறது. நின்ற வாக்கில் அரை நிமிஷத்தில் விளக்குகிற சமாச்சாரம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், இது உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிற விஷயம். 2021 ஜூலைக்கு அப்புறம் வாங்கின நகை ஏதாவது இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916 என்ற தூய்மைக் குறி, அதற்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம் ஒன்று இருக்கும். ஹெச்.யு.ஐ.டி. என்பது அதுதான். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. அந்த ஆறு இலக்கத்தை லேசரால் பொறிக்கிறார்கள். உங்கள் கார் எஞ்சினுக்குள் இருக்கிற பாகத்தின் எண், பேரிங்கின் விளிம்பில் இருக்கிற எழுத்து, மாமனாருக்கு இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டை அந்த வலை வடிவத்தில் வெட்டியது, எல்லாவற்றிலும் ஃபைபர் லேசருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் பாத்திரக் கடையில் டர்ர்ர் என்று பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்த வேலையின் நாகரிகமான பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைகளில் பலவற்றுக்கு லேசர் விடாமல் எரிந்தால் ஆகாது. விட்டு விட்டு, படு வேகமாக, ஒவ்வொரு தடவையும் மொத்த சக்தியையும் ஒரே அடியாக அடிக்க வேண்டும். அதுதான் துடிப்பு லேசர். ஒரு சின்னக் கணக்கு. 20 மீட்டர் ஃபைபரை வளையமாக்கி அதற்குள் ஒளியை ஓட விட்டால், கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் போவதால், நொடிக்கு ஒரு கோடி சுற்று வரும். வளையத்துக்குள் சராசரி சக்தி வெறும் 10 மில்லிவாட். அது ஒரு கோடித் துடிப்புகளாகப் பிரிந்தால் துடிப்பு ஒன்றுக்கு ஒரு நானோ ஜூல். துடிப்பின் நீளம் ஒரு பிக்கோ செகண்ட் என்றால், அந்தக் கணத்தில் மட்டும் சக்தி ஒரு கிலோவாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சக்தி, தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைக்குள்! சராசரி பரம ஏழை, உச்சம் மகாராஜா. இந்தத் துறையின் மொத்த மகிமையும் இதுதான்.

சரி, சும்மா எரிகிற ஒளியைத் துடிப்பாக மாற்றுவது எது? வளையத்துக்குள் ஒரு வாயிற்காப்போன் வேண்டும். மங்கலான ஒளி வந்தால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், பலமான ஒளி வந்தால் விட்டுவிட வேண்டும். இதற்கு சாச்சுரபிள் அப்சார்பர் என்று பெயர். தமிழில் 'தெவிட்டும் உறிஞ்சி' என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணப் பந்தியில் ரெண்டு டம்ளர் பாயசம் இறங்கினவனுக்கு மூணாவது இறங்காது இல்லையா, அதே கதை.

இன்னும் தெளிவாக வேண்டுமானால் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் நிற்கிற டி.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் ஒருத்தராக வந்தால் எல்லோரையும் பிடித்துவிடுவார். லோக்கல் வந்து நூறு பேர் ஒரே சமயத்தில் இறங்கினால்? ரெண்டு பேரைப் பிடித்து அபராத ரசீது எழுதிக்கொண்டிருப்பார், மீதி தொண்ணூற்றெட்டும் நழுவிவிடும். ரசீது எழுத ஆகிற நேரம்தான் உறிஞ்சியின் 'மீளும் நேரம்'. ஒருத்தர் வரும்போதும் கூட்டம் வரும்போதும் பிடிபடுகிற விகிதத்துக்குள்ள வித்தியாசம்தான் 'பண்பேற்ற ஆழம்'. கூட்டத்தில் டி.சி.யே மிதிபட்டால் அது 'சேத எல்லை'. இந்த மூன்று வார்த்தையும் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சரித்திரம், சுருக்கமாக. கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தையே கடத்தலாம் என்று 1954இல் ஹாப்கின்ஸோடு சேர்ந்து காட்டியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. எர்பியம் கலந்த ஃபைபரால் ஒளியைப் பெருக்கலாம் என்பது 1987இல் சவுத்தாம்ப்டனிலும் பெல் லேப்ஸிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்தது. 1992இல் ஊர்சுலா கெல்லர், அடுக்கடுக்காக வளர்த்த குறைக்கடத்தியால் ஆன செசாம் என்ற உறிஞ்சிக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். அது இன்று வரை சந்தையில் உழைத்துச் சாப்பிடுகிறது. 2003இல் ஜப்பானில் கார்பன் நானோகுழாய். 2009இல் சிங்கப்பூரிலும் கேம்பிரிட்ஜிலும் கிராஃபீன். ஒரே ஓர் அணு தடிமன் உள்ள கரி, எந்த நிற ஒளி வந்தாலும் 2.3 சதவீதம் உறிஞ்சும். நிஜமாகவே அழகான விஷயம். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

அப்புறம்தான் கூத்து. கிராஃபீன் கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு உலகமே ஒரு கைப்பிடித் தூளோடு கிளம்பியது. 2012இல் பிஸ்மத் டெல்லுரைடு. 2014இல் மாலிப்டினம் டைசல்ஃபைடு. 2015இல் கறுப்புப் பாஸ்பரஸ். அப்புறம் எம்எக்ஸீன், ஆன்டிமனீன், பிஸ்மத்தீன், பெரோவ்ஸ்கைட், தங்கத் துகள், வெள்ளித் துகள், துத்தநாக ஆக்சைடு. கரித்தூளையும் பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டையும் கூட விடவில்லை. கோலமாவும் விபூதியும்தான் பாக்கி. சீனா, மலேசியா, இந்தியா என்று பேதமே இல்லை.

செய்முறையோ ஒன்றேதான். தூளைக் கரைசலில் போட்டு அல்ட்ராசோனிக்கில் உதிர்க்க வேண்டும். பி.வி.ஏ. பிளாஸ்டிக்கில் கலந்து காயவைத்தால் அப்பளம் மாதிரி ஒரு படலம் வரும். அதில் ஒரு துணுக்கு வெட்டி, ரெண்டு ஃபைபர் கனெக்டருக்கு நடுவில் சாண்ட்விச் மாதிரி வைக்க வேண்டும். 980 நானோமீட்டர் பம்ப் டயோடை ஆன் செய்ய வேண்டும். துடிப்பு வரும். படம் எடுத்துக் கட்டுரை. கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை: பொருள், துடிப்பு நீளம், அலைவெண், ஆற்றல். போன வாரம் வரை இருந்த பதினைந்து வரிகளுக்குக் கீழே பதினாறாவது வரியாக "இந்த ஆய்வு". அந்த ஒரு வரிக்காக ஒரு பிள்ளையின் ரெண்டு வருஷம்.

இனி என் குற்றச்சாட்டுகள்.

ஒன்று: துடிப்பு வந்ததால் தூள் வேலை செய்தது என்று ஆகாது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. ஃபைபர் வளையம் யாரும் கேட்காமலே துடிக்கத் தெரிந்த ஜீவன். ஒளிக்கு அதிரும் திசை என்று ஒன்று உண்டு. ஃபைபருக்குள் போகும்போது அந்தத் திசை திரும்பும். பலமான ஒளிக்கு ஒரு அளவு, மங்கலான ஒளிக்கு வேறு அளவு. வழியில் எங்காவது ஒரு திசையை அதிகமாக விட்டு இன்னொன்றைக் கொஞ்சம் மறிக்கிற உறுப்பு இருந்தால் போதும், பலமானது தப்பும், மங்கலானது மாட்டும். டி.சி. இல்லாமலே டி.சி.யின் வேலை நடந்துவிடும்! இப்படிப் பொருளே இல்லாமல் வேண்டுமென்றே துடிக்க வைப்பது முப்பது வருஷத்துக்கும் மேலான பழைய வித்தை. பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது இந்தக் கட்டுரைகளில் வரும் படத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லா வளையத்திலும் 'போலரைசேஷன் கன்ட்ரோலர்' என்று ஒரு உறுப்பு இருக்கும். ஃபைபரைச் சுற்றிவைத்த மூணு தட்டு. வீணைக்குப் பிருடை திருகுவது மாதிரி அதைத் திருகித் திருகித் துடிப்பு வரும்வரை தேடுகிறார்கள். வந்ததும் பெருமை யாருக்கு? தூளுக்கு! பக்கவாட்டில் தேய்த்த ஃபைபர் மேல் தூளைப் பூசுகிறவர்கள் கதை இன்னும் மோசம். தேய்த்த ஃபைபரே ஒரு திசையை மறிக்கும் குணம் உள்ளது. வித்தைக்குத் தேவையான ரெண்டு சாமானும் மேஜையிலேயே தயார்.

"தூளை எடுத்துவிட்டால் துடிப்பு வரவில்லை" என்று ஒரு வாக்கியம் பல கட்டுரைகளில் இருக்கும், உண்மைதான். எத்தனை நிமிஷம் திருகிப் பார்த்தார்கள்? தூள் இல்லாத வெறும் பி.வி.ஏ. படலத்தை அதே இடத்தில் வைத்தார்களா? தூள் உண்டாக்கின இழப்பை ஈடுகட்டி, அதே நிலைமையில் பார்த்தார்களா? தரவைக் காட்டுங்கள் என்றால் அந்த ஒற்றை வாக்கியம்தான் தரவு. மருந்துக் கம்பெனி "சர்க்கரை மாத்திரை கொடுத்தால் குணமாகவில்லை, எங்களை நம்புங்கள்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

சந்தேகத்தைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. ஒளியின் அதிர்வுத் திசையைப் பிடித்து வைக்கிற ஃபைபர் என்று ஒன்று கடையில் கிடைக்கிறது. மொத்த வளையத்தையும் அதில் கட்டி, ஒரே அச்சில் ஒளியை ஓட விட்டால் அந்தத் திசை திரும்புகிற வித்தைக்கு இடமே இல்லை. அங்கேயும் துடித்தால் சபாஷ், தூளுக்கே மாலை போடலாம். விலை கூடுதல்தான். ஆனால் ரெண்டு வருஷ உழைப்புக்கு அது ஒரு விலையா?

இரண்டு: துடிப்பின் நீளம் ஃபைபரின் கைவேலை.

"எங்கள் பொருள் 600 ஃபெம்டோ செகண்ட் தந்தது, போன பொருள் 900தான் தந்தது" என்று ஒப்பிடுகிறார்கள். சிரிப்புதான் வருகிறது. எர்பியம் வளையத்தில் துடிப்பைக் குறுக்குவது பெரும்பாலும் ஃபைபர்தான். கண்ணாடிக்குள் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதும், பலமான ஒளி தன் பாதையைத் தானே மாற்றிக்கொள்வதும் ஒன்றையொன்று சரிக்கட்டி, சாலிட்டான் என்கிற அசையாத வடிவம் பிறக்கிறது. உறிஞ்சி செய்வது ஆரம்பத்தில் ஒரு தள்ளு, அப்புறம் ஒரு காவல். உறிஞ்சியின் மீளும் நேரத்தைவிட மிகக் குறுகலான துடிப்பு வர முடியும் என்பதை செசாம் காலத்திலேயே, 1990களில், கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். டி.சி. ரசீது எழுதுகிற வேகத்தை வைத்து ரயிலின் வேகத்தை அளப்பீர்களா? அட்டவணையில் அந்த எண்ணைப் பொருளின் பேருக்கு எதிரே எழுதுவது அப்படித்தான். ஃபைபர் நீளத்தை அரை மீட்டர் மாற்றினால் அந்த எண் மாறும். பொருளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பண்பேற்ற ஆழத்தையும் மீளும் நேரத்தையும் தனியாக அளந்து போடு. அது கஷ்டம், அதற்கு வேறு கருவி வேண்டும். அட்டவணையோ சுலபம்.

மூன்று: ஆயுள் எங்கே?

மேலே போட்ட கணக்கையே நீட்டிப் பாருங்கள். ஒரு கிலோவாட் உச்சம், 10 மைக்ரான் அகலமுள்ள வட்டத்தில். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு கோடி வாட்டுக்கு மேல். நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் அப்பளம். சராசரி சக்தியை ஏற்றினால் சூடாகும், இளகும், கருகும். கறுப்புப் பாஸ்பரஸோ காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனும் ஈரமும் பட்டாலே கெட்டுப் போகிற குழந்தை. கட்டுரையில் நிலைத்தன்மைக்கு ஒரு படம் இருக்கும்: சில மணி நேரம். நான் நிறுவுகிற மெஷினின் பம்ப் டயோடுக்குப் பிரசுரத்தில் போடுகிற ஆயுள் ஒரு லட்சம் மணி நேரம், அதாவது பதினோரு வருஷத்துக்கு மேல். அதை முழுசாக நம்பாதீர்கள், பாதியே வைத்துக்கொள்ளுங்கள். சாகனில் மூணு ஷிஃப்ட் ஓடுகிற லைனில் போய் "சாயங்காலம் வரை தாங்கும் சார்" என்று சொல்ல முடியுமா?

சக்தியிலும் இதே தூரம்தான். சாதாரண 20 வாட் மார்க்கிங் லேசர் நொடிக்கு 20,000 துடிப்பு அடித்தால், துடிப்புக்கு ஒரு மில்லி ஜூல். தூள் வைத்த எர்பியம் வளையத்தில் மைக்ரோ செகண்ட் துடிப்பாக வருவது பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு நானோ ஜூல். 200 நானோ ஜூல் என்று தாராளமாகவே வைத்தாலும் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கட்டுரையின் முதல் பத்தியைப் பாருங்கள்: "தொழில்துறை, மருத்துவம், தொலைத்தொடர்பு ஆகியவற்றில் பயன்படும்." எந்தத் தொழிலில் என்று ஒரு தடவை நேரில் காட்டினால் டீ வாங்கித் தருகிறேன்.

நான்கு: சந்தை எந்தத் தூளுக்கும் காத்திருக்கவில்லை.

உங்கள் நகையில் எண் பொறிக்கிற வகை லேசருக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? இட்டெர்பியம் ஃபைபர். துடிப்பை உண்டாக்குவது ஒன்று, ஒலி அலையால் ஒளியைத் திருப்பிவிடுகிற ஒரு மதகு. அல்லது, மின்சாரத்தாலேயே ஆன்-ஆஃப் ஆகிற ஒரு சின்ன டயோடு, அதன் ஒளியைப் பெருக்க அடுத்தடுத்து ஃபைபர். அவ்வளவுதான். பிக்கோ, ஃபெம்டோ செகண்ட் மெஷின்களில் செசாம் இருக்கும், அல்லது ஃபைபரையே கண்ணி மாதிரி வளைத்துச் செய்த செயற்கை உறிஞ்சி இருக்கும். கார்பன் நானோகுழாய் சின்ன அளவில் கடைக்கு வந்தது உண்டு. மற்றபடி, பல வருஷமாக வரிசையில் நிற்கிற தூள்களில் ஒன்றையும் என் மெஷின்களில் நான் பார்த்ததில்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"அடிப்படை ஆராய்ச்சியிடம் உடனடிப் பயன் கேட்கலாமா?" கேட்கவே கூடாது. ஆனால் அடிப்படை ஆராய்ச்சி என்றால் அடிப்படையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். இந்தப் பொருளில் எலக்ட்ரான் ஏன் இவ்வளவு சீக்கிரம் மீள்கிறது, ஓரங்களில் இருக்கும் குறைகள் என்ன செய்கின்றன என்று கேள். "இதை வைத்தாலும் துடிக்குமா?" என்பதற்குப் பதில் கேள்வி கேட்கும்போதே தெரியும்: துடிக்கும். பதில் தெரிந்த கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

"பிள்ளைகள் ஃபைபர் லேசர் கட்டக் கற்றுக்கொள்கிறார்களே?" இது நியாயமான பேச்சு. ஃபைபரை ஒட்டவும், துடிப்பை அளக்கவும், பழுது எங்கே என்று தேடவும் இதைவிட மலிவான, நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எம்.எஸ்ஸி.யில் ஆறு மாதப் பிராஜெக்டாகக் கட்டாயம் செய்ய வைக்கலாம். அரிச்சுவடியை ஐந்து வருஷம் எழுத வைத்து அதற்கு டாக்டர் பட்டம் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"எந்தப் புதுப் பொருளும் உருப்படாது என்கிறாயா?" இல்லை. 2 மைக்ரானிலிருந்து 3 மைக்ரான், அதற்கும் மேலே என்று போகும் நீள அலைகளில் நல்ல செசாம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தசையில் இருக்கிற நீர் அந்த அலைகளை நன்றாக உறிஞ்சும் என்பதால் அறுவை சிகிச்சைக்கும், பல வாயுக்களின் கைரேகை அங்கே இருப்பதால் மோப்பம் பிடிக்கும் கருவிகளுக்கும் அந்த லேசர்கள் வேண்டும். அங்கே ஒரு புதுப் பொருள் நிலைத்து நின்றால் நானே மாலையோடு போகிறேன். ஆனால் அந்த ஃபைபர் விலை அதிகம், சுலபமாக உடையும், ஒட்டுவது கஷ்டம். அதனால் கூட்டமெல்லாம் 1550 நானோமீட்டரிலேயே சுற்றுகிறது. எல்லாச் சாமானும் கடையில் மலிவாகக் கிடைக்கிற இடம் அதுதானே. இருட்டில் தொலைத்த மோதிரத்தை விளக்கடியில் தேடுகிற கதை.

ஏன் இப்படி ஆனது? திட்டுவதற்கு ஓர் ஆளைத் தேட வேண்டாம். எண்ணிக்கைதான் வில்லன். 2016இல் முதல் பட்டியல் வந்ததிலிருந்து என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பெண். பேராசிரியருக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை. மாணவர் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் தங்கள் சொந்த விதியில் வைத்துக்கொண்டிருக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. இந்த நிலைமையில் வருஷத்துக்கு மூன்று கட்டுரை உத்தரவாதமாகத் தருகிற ஒரு செய்முறை கிடைத்தால் எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்? வளையம் ஒன்றுதான், தூளை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், எங்கே படிக்கிறாள் என்பது வேண்டாம், நான்காவது வருஷத்தில் ஐந்தாவது தூளில் இருக்கிறாள். கெட்டிக்காரி. கையில் கொடுத்தால் ஃபைபரை அரை நிமிஷத்தில் ஒட்டுவாள். "அங்கிள், நாலாவது தூளுக்கும் மூணாவது தூளுக்கும் என்ன வித்தியாசம்னு வைவால கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளுடைய கைடிடமும் இருக்காது. மாதம் 37,000 ரூபாய் ஜே.ஆர்.எஃப். தொகை, 2023 ஜனவரியிலிருந்து அந்த அளவு. அது வரிப்பணம், போகட்டும். இருபத்து மூன்றிலிருந்து இருபத்தெட்டு வயது வரை போன வருஷங்களை எந்த ஆணையம் திருப்பித் தரும்? ஊரை விட்டு வந்து, பாஷை தெரியாத இடத்தில் வேரூன்றி, பிள்ளையாவது ஆராய்ச்சிக்குப் போகட்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு அது சின்ன நஷ்டமா?

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிற இடம் இன்னொன்று. மெஷின் மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் லேசர் மூலம் பெரும்பாலும் வூஹானிலிருந்தோ ஷென்செனிலிருந்தோ வருகிறது. வூஹானின் ரேகஸ் கம்பெனி 2007இல் ஆரம்பித்தது. ஷென்செனின் மேக்ஸ் ஃபோட்டானிக்ஸ் 2004இல். 1990இல் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஐ.பி.ஜி.யின் சந்தையையே அவர்கள் விலையால் அசைத்துவிட்டார்கள். சீனாவிலும் தூள் கட்டுரை எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். ஆனால் பக்கத்திலேயே பம்ப் டயோடு, இணைப்பான், கிரேட்டிங், ஃபைபர் என்று ஒவ்வொரு உறுப்பையும் தானே செய்ய உட்கார்ந்த இன்னொரு கூட்டமும் அங்கே இருந்தது.

நம்மிடம் ஆள் இல்லையா? கொல்கத்தா ஜாதவ்பூரில் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எர்பியம், இட்டெர்பியம் கலந்த ஃபைபரைக் கண்ணாடிக் குழாயிலிருந்து இழுக்கத் தெரிந்தவர்கள். இந்தூரில் ராஜா ராமண்ணா மையம் சொந்தமாக ஃபைபர் லேசர் கட்டியிருக்கிறது. குஜராத்தில் வைரம் வெட்டுகிற லேசர் மெஷின் செய்து பேர் வாங்கினவர்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் ஐ.ஐ.டி., பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி. என்று நல்ல கூடங்களும் உண்டு. ஆனால் நம் கல்லூரி ஆய்வகங்களில் ஃபைபர் இறக்குமதி, டயோடு இறக்குமதி, ஐசொலேட்டர் இறக்குமதி, ஒட்டுகிற மெஷினும் இறக்குமதி. அடுத்த வீட்டு மாவு, அடுத்த வீட்டுக் கல்லு, அடுத்த வீட்டு எண்ணெய். நாம் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டு "எங்கள் தோசை" என்கிறோம்.

அதிக சக்தியில் ஃபைபர் நாளடைவில் ஏன் கருமையாகிறது, அதைத் தடுக்கக் கண்ணாடியில் என்ன கலக்கலாம்? புனே கோடைக்கும் சாகன் தூசிக்கும் தாங்குகிற ஐசொலேட்டர் எப்படிச் செய்வது? திசை பிடிக்கும் ஃபைபரில் கட்டி, லாரியில் ஏற்றி இறக்கினாலும் சுவிட்சைப் போட்டதும் தானே துடிக்கிற ஒரு பிக்கோ செகண்ட் மூலத்தை இங்கே எப்படிச் செய்வது? இதில் ஒவ்வொன்றும் ஒரு பி.எச்.டி. ஒவ்வொன்றிலும் கட்டுரையும் வரும், மெதுவாக வரும். முடித்த அன்று வேலைக்குக் கூப்பிட ஆளும் இருப்பார்கள்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை இந்தத் துறைக்குப் போவதைத் தடுக்காதீர்கள். சேரும் முன் கைடிடம் நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்கலாம், தப்பில்லை. தூளை எடுத்துவிட்டு, வெறும் படலத்தை வைத்துச் செய்த சோதனையின் தரவு இருக்கிறதா? திசை பிடிக்கும் ஃபைபரில் ஒரு வளையமாவது இந்தக் கூடத்தில் உண்டா? பொருளின் மீளும் நேரத்தை நீங்கள் அளக்கிறீர்களா, அட்டவணையிலிருந்து எடுக்கிறீர்களா? போன மாணவரின் லேசர் இன்னும் எரிகிறதா?

நாலுக்கும் பதில் சரியாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொல்லுங்கள், அப்படிப்பட்ட கைடு கிடைப்பது பாக்கியம். நாலாவது கேள்விக்கு மட்டும் சிரிப்பு பதிலாக வந்தால், அடுத்த கூடத்தின் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.

பின்குறிப்பு: "நீ என்ன பெரிய விஞ்ஞானியா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற லேபிளைப் படிக்கிறவன். அதில் நம் ஊர் பெயரை ஒரு தடவையாவது படிக்க ஆசைப்படுகிறேன்.